நியூட்ரலில் இறக்கம், ரேடியேட்டரில் போர் தண்ணீர்: சின்ன காருக்கு ஆகாத பழைய பழக்கங்கள்

கார் வாங்கியதும் பக்கத்து வீட்டு மாமா முதல் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் வரை ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். அதில் பாதி அம்பாசடர், பத்மினி ஓடிய காலத்தது. கார்புரேட்டர் (இன்ஜின் இழுக்கும் காற்றோடு பெட்ரோலைக் கலக்கும் பழைய கருவி) வைத்த அந்த வண்டிகளுக்கு அந்த யோசனைகள் சரிதான். சொன்னவர்கள் முட்டாள்கள் இல்லை, வண்டிதான் மாறிவிட்டது. ஆல்ட்டோ, வேகன்ஆர், டியாகோ, ஐ10 என்று இன்று ரோட்டில் ஓடும் சின்ன கார்கள் எல்லாமே இன்ஜெக்‌ஷன் வண்டிகள். இதில் பெட்ரோலை இன்ஜெக்டர் என்ற குட்டி நாசில் பீய்ச்சும்; எத்தனை சொட்டு போக வேண்டும் என்பதை ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் (இ.சி.யூ) முடிவு செய்கிறது. இதில் பழைய வித்தைகளைக் காட்டினால் காசு மிச்சமாகாது. சில வித்தைகள் ஆளையே காவு வாங்கிவிடும்.

இறக்கத்தில் நியூட்ரல்

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வால்பாறைக்கு 40. இறங்கும்போது நியூட்ரலில் போட்டு உருட்டினால் பெட்ரோல் மிச்சம் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள்.

கார்புரேட்டர் வண்டியில் அது உண்மை. கியரில் இறங்கும்போது சக்கரம் இன்ஜினைச் சுற்றும். சுற்றுகிற இன்ஜின் ஆக்ஸிலரேட்டரை மிதிக்காவிட்டாலும் பெட்ரோலை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நியூட்ரலில் போட்டால் ஐடிலுக்கு (இன்ஜின் நின்ற இடத்தில் சும்மா ஓடுவதற்கு) உண்டானது மட்டும் செலவாகும். இன்ஜெக்‌ஷனில் கணக்கு தலைகீழ். வண்டி கியரில் இருக்க, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இ.சி.யூ இன்ஜெக்டர்களை மூடிவிடும். வேகம் நன்றாகக் குறைந்து ஆர்.பி.எம். (இன்ஜின் சுற்றும் வேகம்) ஐடிலை நெருங்கும்வரை ஒரு சொட்டும் போகாது. நியூட்ரலிலோ, இன்ஜின் அணையாமல் இருக்க பெட்ரோல் ஊற்றியே ஆக வேண்டும். உடனடி மைலேஜ் காட்டும் டிஸ்ப்ளே இருந்தால் இறக்கத்தில் மூன்றாம் கியரில் காலை எடுத்துப் பாருங்கள். கோடு கடைசி வரை ஏறி நிற்கும்.

காசை விடுங்கள், உயிர் விஷயத்துக்கு வருவோம். நியூட்ரலில் இன்ஜின் பிடிப்பு போய்விடுகிறது. ஏறக்குறைய ஒரு டன் வண்டி, அதில் ஐந்து பேர், டிக்கியில் பெட்டி, அத்தனை பாரத்தையும் பிரேக் பேடு மட்டுமே தாங்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு வளைவுகளுக்குள் டிஸ்க் கொதிக்க ஆரம்பிக்கும். அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்குப் போகும். டாட் 3 என்ற தரத்து ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்க வேண்டும் என்பது கணக்கு. ஆனால் பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் சாதி. ஈரம் ஏறிய ஆயிலுக்கு அந்தக் கணக்கு 140 டிகிரிதான். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறினால் 155. கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழ் வரும். குமிழ் அமுங்கும், ஆயில் அமுங்காது. அதனால் பெடல் பஞ்சு மாதிரி தரைவரை போகும், வண்டி நிற்காது. சர்வீஸில் "பிரேக் ஆயில் மாத்திடலாமா" என்று கேட்டால் எல்லாரும் வேண்டாம் என்று தள்ளிப்போடும் வேலை இது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

ஏறும்போது எந்த கியர் தேவைப்படுமோ அதே கியரில் இறங்க வேண்டும். சின்ன காருக்குப் பெரும்பாலான வளைவுகளில் அது இரண்டாம் கியர். மசினகுடி பக்கம் கல்லட்டி மாதிரி செங்குத்தான பாதையில் முதல் கியரும் தேவைப்படும். ஏ.எம்.டி. (கிளட்ச் மிதிக்காமல் தானே கியர் மாற்றும்) வண்டியில் லீவரை மேனுவலுக்குத் தள்ளி இரண்டில் நிறுத்துங்கள். இன்ஜின் கத்துகிறதே என்று பயப்பட வேண்டாம். மீட்டரில் சிவப்புக் கோட்டைத் தொடாதவரை அதற்கு ஒன்றும் ஆகாது. பிரேக் மேலேயே கால் வைத்தபடி தேய்த்துக்கொண்டே வராமல், அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு முழுக்க விடுங்கள். கருகல் வாடை வந்தால் அகலமான இடத்தில் ஓரங்கட்டி, முதல் கியரில் வைத்து, டயருக்குக் கல் கொடுத்து இருபது நிமிடம் ஆற விடுங்கள். டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது; கோணிக்கொள்ளும்.

இதைவிட மோசம், சாவியையே திருப்பி இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குவது. இன்ஜின் நின்றால், மிதியை லேசாக்கும் பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும். பிறகு பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டீயரிங்கும் போய்விடும். சாவியை வெளியே உருவினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

ரேடியேட்டரில் தண்ணீர்

அம்பாசடர் டிரைவர் சீட்டுக்கடியில் ஒரு தண்ணீர் கேன் எப்போதும் இருக்கும். இரும்பு பிளாக், செம்பு ரேடியேட்டர் கொண்ட அந்த வண்டி எந்தத் தண்ணீரையும் தாங்கியது. இன்றைய ரேடியேட்டர் அலுமினியம், சிலிண்டர் ஹெட்டும் அலுமினியம். சென்னை போர் தண்ணீரை ஊற்றினால் உப்பு படிந்து மெல்லிய குழாய்கள் அடைத்துக்கொள்ளும், அலுமினியம் அரிக்கும். ரேடியேட்டருக்கென்றே விற்கும் கூலன்ட்டில் அரிப்பைத் தடுக்கும் மருந்து கலந்திருக்கிறது, கொதிநிலையையும் ஏற்றிக் கொடுக்கிறது. வாங்கும்போது டப்பாவைப் படியுங்கள்: அப்படியே ஊற்றுவதா, தண்ணீர் கலக்க வேண்டியதா? கலக்க வேண்டியது என்றால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர்தான். பச்சை, சிவப்பு என்று நிறத்தைப் பார்த்து ஒன்றோடொன்று சேர்க்காதீர்கள். நிறம் வெறும் சாயம். வண்டியின் கையேட்டில் போட்டிருக்கும் வகைதான் கணக்கு.

சின்ன கார்கள் பலவற்றில் டெம்பரேச்சர் முள் கிடையாது. குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, சூடேறினால் சிவப்பு, அவ்வளவே. சிவப்பு வந்த பிறகு "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே" என்று ஓட்டுவதுதான் சின்ன காரில் செய்யக்கூடிய மிக விலை உயர்ந்த தவறு. சிலிண்டர் ஹெட் வளைந்து, அதன் அடியில் கசியாமல் அடைக்கும் கேஸ்கெட் போனால் இன்ஜினைப் பிரிக்க வேண்டியதுதான். ஏ.சி.யை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில், முழு வேகத்தில் திருப்புங்கள். வேர்த்துக் கொட்டும், ஆனால் ஓரம் ஒதுங்கும்வரை அது கொஞ்சம் சூட்டை வெளியே இழுக்கும். பிறகு இன்ஜினை அணைத்துவிட்டு அரை மணி நேரமாவது காத்திருங்கள். சூடான மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் இருப்பதால்தான் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திருகியதும் மொத்தமாகக் கொதித்து முகத்தில் பீய்ச்சும். வேறு வழியே இல்லாமல் தண்ணீர் ஊற்றியிருந்தால் ஒர்க்‌ஷாப் போய்ச் சேர்ந்ததும் வடித்துவிட்டு கூலன்ட் போடச் சொல்லுங்கள்.

கெட்டி ஆயில், காலை உறுமல், பங்க்கில் ரவுண்டு

"கெட்டி ஆயில்தான் இன்ஜினுக்குக் காவல்" என்று 20டபிள்யூ-40 ஊற்றும் மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். இப்போதைய சின்ன இன்ஜின்களுக்கு 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில்தான் குறித்திருப்பார்கள். உள்ளே ஆயில் போகும் பாதைகள் அவ்வளவு குறுகல். காலையில் முதல் ஸ்டார்ட்டில் கெட்டி ஆயில் மேலே வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட்டுக்கு ஏறத் தாமதமாகும், தேய்மானம் அங்கேதான். டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் தவறு. கீழே சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலை அடித்து நுரையாக்கிவிடும், நுரைக்கு உயவு கிடையாது. வண்டி வருடத்துக்கு 4,000 கிலோமீட்டர்தான் ஓடுகிறது என்றாலும் வருடம் முடிந்தால் ஆயில் மாற்ற வேண்டும். குட்டிக் குட்டிப் பயணத்தில் இன்ஜின் முழுச் சூடு ஏறாமல் ஈரமும் பெட்ரோலும் ஆயிலில் சேர்ந்துவிடுகின்றன.

காலையில் ஐந்து நிமிடம் உறுமவிட்டுச் சூடேற்றுவதும் அந்தக் கதைதான். அரை நிமிடம் போதும். பிறகு முதல் இரண்டு மூன்று கிலோமீட்டர் மெதுவாக ஓட்டினால் ஓட்டத்திலேயே சூடாகிவிடும்.

பங்க்கில் நாசில் "டக்" என்று நின்ற பிறகு "ரவுண்டு பண்ணிடவா சார்?" என்று கேட்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டேங்க்கில் மேலே விட்டிருக்கும் இடம் பெட்ரோல் ஆவிக்கானது. அந்த ஆவியைப் பிடித்துவைக்க ஒரு கரிப்பெட்டி இருக்கிறது. அதற்குள் பெட்ரோலே போய்விட்டால் கரி நனைந்து கெடும். பிறகு ஃபுல் டேங்க் போட்ட ஒவ்வொரு முறையும் ஸ்டார்ட் ஆகத் திணறும். எதிர்ப்பக்கத் தவறு, எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுவது. இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோல் பம்ப் டேங்க்குக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது. பெட்ரோல்தான் அதைக் குளிரவைக்கிறது. கால் டேங்க்குக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டால் பம்ப் வெகுநாள் வரும்.

டைனமோ சோதனை

ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி, வண்டி அணையாவிட்டால் "டைனமோ (பேட்டரியைச் சார்ஜ் ஏற்றும் கருவி) நல்லாருக்கு" என்று தீர்ப்புச் சொல்வது பழைய எலக்ட்ரீஷியன் வித்தை. இன்றைய வண்டியில் யாராவது டெர்மினலில் ஸ்பானர் வைத்தால் கையைப் பிடித்துத் தடுங்கள். பேட்டரி கழன்ற கணம் வோல்டேஜ் எகிறி இ.சி.யூ.வைச் சுட்டுவிடலாம். சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும்: இன்ஜின் அணைந்து சில மணி நேரம் கழித்து 12.4 முதல் 12.6 வோல்ட், ஓடும்போது 13.5 முதல் 14.5 வோல்ட். கழற்ற வேண்டியிருந்தால் இன்ஜினை அணைத்துவிட்டு முதலில் மைனஸ். மாட்டும்போது மைனஸ் கடைசி. தள்ளி ஸ்டார்ட் செய்வதும் பேட்டரியில் கொஞ்சமாவது உயிர் இருந்தால்தான் நடக்கும், பம்ப்புக்கும் இ.சி.யூ.வுக்கும் கரன்ட் வேண்டுமே. திரும்பத் திரும்பத் தள்ளினால் எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைக் கெடுக்கும்.

டயர் காற்று

மைலேஜுக்காக 40 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்குக் காற்று அடிப்பவர்கள் உண்டு. நடுப்பகுதி மட்டும் தேய்ந்து, மழையில் பிடிப்பு குறையும். டயரின் பக்கவாட்டில் அச்சடித்திருப்பது அதிகபட்ச அளவு. உங்கள் வண்டிக்கானது டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கிறது, ஆள் நிறைய ஏறினால் எவ்வளவு என்பதும் அதிலேயே இருக்கலாம். அது குளிர்ந்த டயருக்கான அளவு. நெடுஞ்சாலையில் ஓடிச் சூடான டயரில் மூன்று நான்கு பி.எஸ்.ஐ. கூடக் காட்டுவது இயல்பு, அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள். நைட்ரஜனுக்குக் காசு கொடுப்பது உங்கள் விருப்பம். சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஸ்டெப்னியைப் பார்க்க மறப்பதுதான் உண்மையான பிழை.

மழையும் வெள்ளமும்

மழையில் நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டு ஓட்டாதீர்கள். நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப்போகிறீர்கள் என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போகும். லோ பீம் போதும்.

தேங்கிய தண்ணீர் சக்கரத்தில் பாதியைத் தொட்டால் திரும்பிவிடுங்கள். காற்று உறிஞ்சும் வாய் பல சின்ன கார்களில் முன் கிரில்லை ஒட்டியே இருக்கிறது. எதிரே பஸ் வந்தால் அதன் அலை ஒன்றே போதும். தண்ணீர் சிலிண்டருக்குள் போனால், காற்றைப் போல அமுங்காததால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீரில் வண்டி அணைந்தால் மறுபடி சாவியைத் திருப்பவே கூடாது. பல இன்ஜின்கள் சாவது அந்த இரண்டாவது ஸ்டார்ட்டில்தான். தள்ளி வெளியே எடுத்து, டோ செய்யுங்கள். சாதாரண இன்சூரன்ஸ் இப்படிக் கெட்ட இன்ஜினுக்குப் பொதுவாகப் பணம் தராது. இன்ஜின் பாதுகாப்பு என்று தனியாக ஒரு சேர்ப்பு இருக்கிறது. 2015, 2023 டிசம்பர்களைப் பார்த்த சென்னைக்காரர்கள் அதை எடுத்து வைப்பது நல்லது.

மைலேஜை அளப்பது

டிஸ்ப்ளே காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். பங்க்கில் முதல் "டக்" வரை நிரப்பி டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். அரை டேங்க்குக்கு மேல் ஓடியதும் அதே பங்க்கில், அதே மெஷினில் மறுபடி முதல் "டக்" வரை. தரை சாய்வு மாறினாலே நாசில் நிற்கும் இடம் மாறும் என்பதால் இடம் மாற்றாதீர்கள். 412 கிலோமீட்டருக்கு 22.9 லிட்டர் பிடித்தால் லிட்டருக்கு 18. மூன்று தடவை எடுத்து சராசரி பாருங்கள். இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அதன் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால் பழைய எண்ணிலிருந்து கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். திடீரென்று இரண்டு மூன்று கிலோமீட்டர் விழுந்தால் ஏர் ஃபில்டரைத் திட்டுவதற்கு முன் டயர் காற்றைப் பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால், பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நான்கு சக்கரத்து ரிம்முக்கும் அருகில், தொடாமல், கையைக் கொண்டுபோங்கள். ஒரே அச்சில் உள்ள இரண்டில் ஒன்று மட்டும் அனலாக அடித்தால் அந்தச் சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.