பழைய சிஎன்சி லேத்தும் என் பழைய கைப்பழக்கமும்

கோவை குறிச்சியில் 22 ஆண்டுகள் ஃபானுக் கண்ட்ரோல் (இயந்திரத்தை ஓட்டும் கணினிப் பெட்டி) முன்னால் நின்றவன் நான். ஒரு பயிற்சிக்கூட ஏலத்தில் பழைய சிஎன்சி லேத், அதாவது கணினி ஓட்டும் கடைசல் இயந்திரம் ஒன்று, எடைக்குப் போனது. கண்ட்ரோல் செத்துக் கிடந்தது. டூலைத் தாங்கும் சிலைடு ஓடுகிற பெட் மட்டும் கண்ணாடிபோல் இருந்தது. வேறு மூளை வைத்து ஓட்டலாம் என்று வாங்கி வீட்டுக் கொட்டகையில் இறக்கினேன்.

நீங்களும் வாங்கப் போகிறீர்கள் என்றால், கண்ட்ரோல் பெட்டியைப் பார்க்காதீர்கள். அது எப்படியும் குப்பைக்குத்தான் போகும். சிலைடை நகர்த்தும் பால் ஸ்க்ரூவைப் பாருங்கள். டயல் கேஜை (நுண்ணிய நகர்வை முள்ளில் காட்டும் கருவி) சிலைடில் முட்டவைத்து, ஸ்க்ரூவைக் கையால் முன்னும் பின்னும் திருப்புங்கள். முள் அசையாமல் ஸ்க்ரூ மட்டும் திரும்பும் அளவுதான் பேக்லாஷ். 0.02 மி.மீ.க்குள் இருந்தால் எடுக்கலாம். அதிகமென்றால் மென்பொருளில் ஈடுகட்டலாம் என்பார்கள். வெட்டும்போது சிலைடு ஊசலாடுவதை எந்த மென்பொருளும் பிடித்து நிறுத்தாது.

மூளையாக நான் வைத்தது லினக்ஸ்சிஎன்சி என்ற மென்பொருள், இலவசம். பேரலல் போர்ட் (பழைய பிரிண்டர் செருகும் இடம்) உள்ள பழைய மேசைக் கணினி போதும், ஆனால் முதலில் மென்பொருளிலேயே இருக்கும் லேட்டன்சி (கணினியின் தாமதம்) சோதனையை ஓட்டிப் பாருங்கள். 20 மைக்ரோ விநாடிக்குள் வந்தால் அருமை, 50 வரை சமாளிக்கலாம், 100 தாண்டினால் வேறு கணினி தேடுங்கள்.

மின்சாரத்தில் இரண்டே விஷயம். வீட்டில் சிங்கிள் ஃபேஸ் என்றால் ஸ்பிண்டிலுக்கு (வெட்டும் பொருளைச் சுற்றும் தண்டு) விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் மின்பெட்டி) வேண்டும்; அது தருவது 230 வோல்ட் த்ரீ ஃபேஸ். 415 வோல்ட் மட்டும் என்று தகட்டில் இருக்கும் மோட்டார் அதில் முழு பலம் காட்டாது. அவசர நிறுத்த பொத்தான் கான்டாக்டரை (மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) நேரடியாக விழவைக்க வேண்டும். கணினி பார்த்துக்கொள்ளும் என்று விடாதீர்கள்.

சிலைடை நகர்த்தும் ஸ்டெப்பர் (படிப்படியாகச் சுற்றும் மோட்டார்) கணக்கு எளிது. ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப், டிரைவில் ஒவ்வொரு ஸ்டெப்பும் 8 பங்கு, ஆக 1600. ஸ்க்ரூ ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்ந்தால், மில்லிமீட்டருக்கு 320. இதில் நான் அசடு வழிந்தேன். விட்ட அளவுக்கான ஜி7 கட்டளை போட்டு எக்ஸை (குறுக்கே போகும் அச்சு) 10 நகர்த்தினேன். டயல் 5 காட்டியது. ஸ்கேல் தப்பு என்று இரண்டால் பெருக்கிவிட்டேன்! விட்டத்தில் 10 என்றால் சிலைடு 5தான் போகும் என்பது பத்தாம் நாள் பயிலுநருக்கும் தெரியும்.

மரை வெட்ட ஸ்பிண்டிலோடு ஒன்றுக்கு ஒன்றாகச் சுற்றும் என்கோடர் (சுழற்சியைத் துடிப்புகளாக எண்ணித் தரும் கருவி) தேவை. சுற்றுக்கு ஒருமுறை வரும் இண்டெக்ஸ் துடிப்பும் கட்டாயம். ஆயிரம் கோடு வாங்கினால் துல்லியம் என்று ஆசைப்படாதீர்கள். 100 கோடு என்றால் சுற்றுக்கு 400 எண்ணிக்கை. 1000 ஆர்பிஎம்மில் விநாடிக்குச் சுமார் 6,700. பேரலல் போர்ட்டை 50 மைக்ரோ விநாடிக்கு ஒருமுறை, அதாவது விநாடிக்கு 20,000 தடவை படிக்கும் கணினி இதைத் தவறவிடாது. ஆயிரம் கோட்டை எண்ணவே முடியாது. என்கோடர் வயரை விஎஃப்டி வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். இல்லாத துடிப்பெல்லாம் எண்ணிக்கையில் ஏறும்.

இதுவரை சொன்னது ஸ்க்ரூடிரைவர் வேலை. என்னைப் படுத்தியது புரோகிராம்தான், ஏனென்றால் கை ஃபானுக் மொழியையே எழுதும். ஜி99 எஃப்0.2 என்று எழுதினேன். சிலைடு நகரவே இல்லை, மோட்டார் போயிற்று என்று நினைத்தேன். உண்மையில் நகர்ந்துகொண்டுதான் இருந்தது: நிமிடத்துக்கு 0.2 மி.மீ.! சுற்றுக்கு இவ்வளவு ஃபீட் என்பதற்கு இங்கே ஜி95. ஃபானுக்கில் மரை வெட்டும் ஜி92 இங்கே எதையும் வெட்டாது. நிற்கும் இடத்தின் அளவையே சத்தமில்லாமல் மாற்றிவிடும். அடுத்த நகர்வில் டூல் சக்கில் (வெட்டும் பொருளைப் பிடிக்கும் பிடி) போய் மோதலாம். தவறி ஓட்டிவிட்டால் ஜி92.1 கொடுத்து நீக்குங்கள். ஜி96-க்கு (விட்டத்துக்கேற்ப ஸ்பிண்டில் வேகத்தை மாற்றும் கட்டளை) வேக உச்சத்தை ஜி50-இல் அல்ல, அதே வரியில் டி எழுத்தில் கொடுக்க வேண்டும். சக்கில் பொறித்திருக்கும் ஆர்பிஎம்மைத் தாண்டாதீர்கள்.

மரை வெட்டும் ஜி76 இரண்டிலும் உண்டு, எழுத்துகளின் பொருள்தான் வேறு. ஃபானுக்கின் இரண்டாம் வரியில் பி என்பது மரை ஆழம், மைக்ரானில். இங்கே பி என்பது பிட்ச், அதாவது மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம். பழைய வரியை அப்படியே போட்டால், நல்லவேளை, ஐ, ஜே, கே இல்லையென்று பிழை காட்டி நின்றுவிடும். 12 மி.மீ. தண்டில் 1.75 பிட்ச் மரைக்கு, ஜி7-இல் நான் எழுதுவது:

ஜி97 எஸ்300 எம்3
ஜி0 எக்ஸ்13 இசட்5
ஜி76 பி1.75 இசட்-20 ஐ-1 ஜே0.4 கே2.15 ஆர்2 க்யூ29.5 எச்2

ஐ என்பது 13-இலிருந்து தண்டின் மேற்பரப்புக்கு உள்ள தூரம், ஜே முதல் வெட்டு, கே முழு ஆழம்; மூன்றும் விட்டக் கணக்கு. இசட் மரை முடியும் இடம், ஆர் போகப்போக வெட்டைக் குறைக்கும் விதம், க்யூ டூல் சாய்ந்து இறங்கும் கோணம். எச் கடைசியில் அதே ஆழத்தில் ஓடும் வெற்றுப் பாஸ். முதல் தடவை ஜாப் (வெட்டும் பொருள்) இல்லாமல் காற்றில் ஓட்டுங்கள்.

நட்டு இறுக்கமாக ஏறினால் ஜாபைக் கழற்றாதீர்கள், டூலையும் தொடாதீர்கள். கே-யை 0.05 கூட்டி அதே வரியைத் திரும்ப ஓட்டினால், இண்டெக்ஸ் துடிப்பைப் பிடித்து டூல் பழைய தடத்திலேயே இறங்கும்.