நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், வெட்டைப் பாருங்கள்: எடோ கிரிகோ டம்ளர்கள்

ஜப்பானியக் கண்ணாடி விஸ்கி டம்ளர் என்று இணையத்தில் தேடினால் அடர்நீலமும் செம்பவளச் சிவப்புமாக வரிசைகட்டி வரும். அவற்றில் சில எடோ கிரிகோ, அதாவது டோக்கியோவில் சுழலும் சக்கரத்தில் கையால் வெட்டி அலங்கரித்த கண்ணாடி. படத்தில் எல்லாமே ஒன்றுபோல மின்னும். ஒன்றின் விலை இன்னொன்றைவிடப் பத்து மடங்கு இருக்கும். ஏன் என்று பார்க்காமல் நிறத்தில் மயங்கி வாங்குவதுதான் முதல் தவறு. மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

அச்சில் வார்த்த டம்ளரைக் கையால் வெட்டியது என்று நம்பி வாங்குபவர்கள் ஏராளம். கண்டுபிடிப்பது கடினமில்லை. கோடுகளின் ஓரத்தை விரல் நுனியால் தடவுங்கள். அச்சில் வார்த்தது மழுங்கலாக, வழுக்கிக்கொண்டு போகும். பக்கவாட்டில் அச்சு சேர்ந்த தழும்பும் பல நேரம் தெரியும். சக்கரத்தில் வெட்டியதில் ஒவ்வொரு பட்டையும் விரலில் தனித்தனியாகத் தட்டும். நிறக் கண்ணாடி என்றால் இன்னொரு அடையாளமும் உண்டு. உள்ளே தெளிந்த கண்ணாடி, வெளியே மெல்லிய நிறக் கண்ணாடி, இரண்டையும் சூட்டிலேயே ஒட்டவைத்து ஊதுகிறார்கள். வெட்டும்போது வெளிப்படலம் போய் உள்ளிருக்கும் தெளிவு வெளியே வரும். நிறமும் தெளிவும் சந்திக்கும் எல்லை கத்தியால் கீறியது போலத் துல்லியமாக இருக்கும். சாயம் பூசிய மலிவுச் சரக்கில் அந்த எல்லை கலங்கித் தெரியும்.

நிறமில்லாத டம்ளரை மட்டமானது என்று ஒதுக்குவது அடுத்த தவறு. எடோ கிரிகோ தொடங்கியதே தெளிந்த கண்ணாடியில்தான். 1834-இல் எடோ நகரத்தின், அதாவது இன்றைய டோக்கியோவின், ஓடென்மா-சோ பகுதியில் கண்ணாடிக் கடை வைத்திருந்த காகாயா கியூபேய் எமரி என்ற கரடுமுரடான தேய்ப்புப் பொடியால் கண்ணாடியைச் செதுக்கியதைத்தான் இதன் தொடக்கமாகச் சொல்கிறார்கள். 1881-இல் இமானுவேல் ஹாப்ட்மன் என்பவர் இங்கிலாந்திலிருந்து வந்து சக்கரத்தில் வெட்டும் முறையை ஜப்பானியக் கைவினைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். நிறத்துக்குப் பெயர்போனது தெற்கே ககோஷிமாவில் ஷிமாசு பிரபுக்களின் ஆதரவில் வளர்ந்த சத்சுமா கிரிகோ. அதில் நிறப் படலம் தடிமன். சாய்வாக வெட்டும்போது அடர்நிறம் மெல்ல மெல்ல வெளுத்து மறையும். அது 1870-களில் அழிந்துபோய் 1985-இல்தான் மறுபடி உயிர்பெற்றது. எடோ டம்ளரில் அந்த மங்கல் இல்லையே என்று குறைப்படுவதில் பொருளில்லை. அதன் அழகே பளிச்சென்ற எல்லைதான்.

பட்டறை வீடியோவில் மோட்டாரில் சுழலும் சக்கரத்தைப் பார்த்துவிட்டு, "இது மெஷின் வேலை" என்று சொல்பவர்களும் உண்டு. சக்கரம் சுழலும், அவ்வளவுதான், அது நகராது. டம்ளரைத்தான் கையில் பிடித்து அதன்மேல் நகர்த்துகிறார்கள். முதலில் வெளிப்பக்கம் மையால் வழிகாட்டிக் கோடுகள் மட்டும் போடுவார்கள். இதற்கு வரிதாஷி என்று பெயர். நுணுக்கமான கோடுகள் எதையும் வரைவதில்லை, கண்மதிப்புதான். வெட்டு விழுவது சக்கரத்தைத் தொடும் வெளிப்பக்கத்தில், கைவினைஞரின் பார்வைக்கு மறுபக்கத்தில். அவர் டம்ளரின் உள்வழியாகப் பார்த்து, சக்கரம் கண்ணாடியைத் தின்பதைக் கண்காணிக்கிறார். கறுப்புக் கண்ணாடியில் அதுவும் தெரியாது என்பதால்தான் அது அவ்வளவு கடினம். கரடுமுரடாக வெட்டியதை வைரச் சக்கரத்தில் நேர்த்தியாக்கி, கல் சக்கரத்தில் வழவழப்பாக்கி, கடைசியில் மெருகேற்றுவார்கள். அமிலத்தில் முக்கியும் மெருகேற்றலாம், வேகமாக முடியும். ஆனால் கையால் மெருகேற்றியதில் முனைகளின் கூர்மை நன்றாக நிற்கும். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் என் மனம் கை மெருகுக்குத்தான் போகும்.

அப்புறம், கோடு அதிகமென்றால் தரமும் அதிகம் என்று எண்ணிவிடாதீர்கள். கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடங்களைப் பாருங்கள். மீன்முட்டை போல நெருங்கி மின்னும் நனாகோ, சாமந்திப்பூக்கள் தொடுத்தது போன்ற கிக்கு-த்சுநாகி இரண்டிலும் ஒவ்வொரு சந்திப்பிலும் கோடுகள் பிசகாமல் வெட்டிக்கொள்ள வேண்டும். ஒரு கோடு பிசகினாலும் புள்ளி தவறிய கோலம் மாதிரி மொத்தமும் கோணிக்கொள்ளும். டம்ளரைச் சுற்றி வந்து கடைசிக் கோடு முதல் கோட்டோடு சேரும் இடத்தைத் தேடிப் பாருங்கள், வெட்டியவரின் கைத்திறன் அங்கே தெரிந்துவிடும். "எடோ கிரிகோ" என்ற பெயர் அதைச் செய்பவர்களின் கூட்டுறவுச் சங்கத்தின் பதிவுபெற்ற வணிகக் குறி. டோக்கியோவின் கோட்டோ வார்டைச் சுற்றிய பகுதிகளில் கையால் வெட்டியதற்குத்தான் அது பொருந்தும். "எடோ பாணி" என்று எழுதியிருந்தால் விற்பவரிடம் எங்கே செய்தது என்று கேளுங்கள்.

வாங்கியாயிற்று, சரி. பாழாக்குவது பெரும்பாலும் சமையலறையில்தான். டிஷ்வாஷரில் போடக்கூடாது. வெந்நீர் ஊற்றக்கூடாது, குளிர்ந்த டம்ளரில் ஒருபோதும் கூடாது. அடி தடிமன், சுவர் மெல்லியது, அதில் பள்ளங்கள் வேறு, சட்டென்று சூடேறினால் விரிசல் விடும். பெரிய ஐஸ் உருண்டையை மேலிருந்து தொப்பென்று போடாதீர்கள். டம்ளரைச் சாய்த்து உருட்டி இறக்குங்கள். ஒன்றுக்குள் ஒன்று அடுக்க வேண்டாம். தேய்க்கும் பொடியும் மெலமைன் ஸ்பாஞ்சும் மெருகைக் கெடுக்கும். மென்மையான ஸ்பாஞ்ச், பள்ளங்களுக்கு மிருதுவான பிரஷ், உடனே பருத்தித் துணியில் துடைப்பு, இவை போதும். ஈயம் கலந்த கிறிஸ்டலாக இருந்தால் குடித்து முடிக்கும்வரை விஸ்கி இருக்கலாம், நாள்கணக்கில் ஊற்றி வைக்கக்கூடாது.

விளிம்பில் சின்னதாகச் சில்லு பெயர்ந்தால் உடனே தூக்கி எறிந்துவிடாதீர்கள். சில பட்டறைகளில் விளிம்பைச் சீராகத் தேய்த்து மெருகேற்றித் தருகிறார்கள். உயரம் கொஞ்சம் குறையும், வெட்டு அப்படியே இருக்கும்.