வெற்றுக் குழாயில் கூடு கட்டாத தகைவிலான்கள்

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் உள்ள ஓர் ஈரநிலக் காப்பகத்தில் தன்னார்வலராகப் பணிபுரிகிறேன். சஹாராவுக்குத் தெற்கே சாஹேல் நிலத்தில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு மார்ச் மாதம் முதல் திரும்பிவரும் கரைமணல் தகைவிலான்களுக்காக, நீரோரத்தில் ஒரு சுவர் எழுப்பி, அதில் களிமண் குழாய்களை வரிசையாகப் பதித்திருந்தோம். பறவைகள் வந்தன, துளை வாயில் தொற்றிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தன, உடனே பறந்துவிட்டன.

பறக்கும் வழியை மறைத்த நாணலை முதலில் வெட்டினோம். பிறகு அவற்றின் குரலையே ஒலிபெருக்கியில் ஒலிக்கவிட்டோம். கூட்டம் கூடியதே தவிர ஒன்றும் தங்கவில்லை. பன்னிரண்டு நாள்கள் இப்படியே வீணாயின.

ஏணி வைத்து ஏறிப் பார்த்தபோதுதான், கட்டும்போது மணல் சிந்தி அடைத்துக்கொண்ட ஒரே ஒரு குழாயில் மட்டும் மெல்லிய நகக் கீறல்கள் இருந்ததைக் கண்டேன். ஏறத்தாழ 14 கிராம் எடையே உள்ள இப்பறவை தன் வளையைத் தானே தோண்டிக்கொள்ளும் இயல்புடையது; நாமோ தோண்ட எதையும் விட்டுவைக்கவில்லை.

உலர்ந்த மணலை நிரப்பியபோது அது பொலபொலவென்று வெளியே கொட்டியது. கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கும் அளவு ஈரமான மணலை வாய்வரை இறுக்கி அடைத்தோம். மூன்றாம் நாள் காலை சுவரின் அடியில் புதிதாகச் சின்னச் சின்ன மணற்குவியல்கள் கிடந்தன; நிம்மதியாயிற்று. பழைய மணலில் உண்ணிகள் தங்கிவிடும் என்பதால், குளிர்காலத்தில் அதை அகற்றிப் புது மணல் நிரப்பவிருக்கிறோம்.