ஃபூரியே தொடர்: சராசரியைக் காட்டி ஒருங்கல் என்று எழுதாதீர்கள்

ஞாயிறு மாலைகளில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளக் கல்மேசைக்குப் பல்கலைக்கழகத் தம்பி தங்கைகள் நாலைந்து பேர் கணக்கு நோட்டோடு வருவார்கள். போன வாரம் ஒரு தங்கை ஃபூரியே தொடர் (ஒரு சார்பைச் சைன், கொசைன் அலைகளின் கூட்டலாக எழுதுவது) பற்றி நீட்டிய விடையைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. பதினைந்து வருடத்துக்கு முன் நான் எழுதிய அதே வரி. குறி மாறுவது, எல்லையை விட்டுவிடுவது போன்றவற்றை இங்கே சொல்லப்போவதில்லை. சரிபார்த்தால் தானே தெரிந்துவிடும். அப்படிச் சுலபமாகப் பிடிபடாத நான்கு தப்புகள் மட்டும் கீழே.

ஃபெயெர் சொல்லாததை அவர் தலையில் கட்டுவது

"சார்பு தொடர்ச்சியானது, ஆகவே ஃபெயெர் தேற்றப்படி ஃபூரியே தொடர் எல்லாப் புள்ளியிலும் ஒருங்கும்." இதுதான் அந்த வரி. ஒருங்கும் என்றால் உறுப்புகளைக் கூட்டக் கூட்ட ஒரே மதிப்பை நெருங்கும் என்று பொருள். நெருங்காவிட்டால் விரியும்.

1900இல் கணிதவியலாளர் ஃபெயெர் நிறுவியது பகுதிக் கூடுதல்களின் (முதல் சில உறுப்புகளை மட்டும் கூட்டி வரும் தொகைகளின்) சராசரியைப் பற்றி. சராசரி ஒருங்கும் என்றார். கூடுதல்கள் ஒருங்கும் என்று சொல்லவில்லை. தொடர்ச்சியான ஒரு சார்பின் தொடர் ஒரு புள்ளியில் விரிவதை 1873இலேயே டூ புவா-ரேமோன் காட்டிவிட்டார்.

கையால் போட்டுப் பாருங்கள். அரையோடு கொசைன்களை வரிசையாகக் கூட்டும் தொடரில் 180 பாகையை வையுங்கள்: 1/2 − 1 + 1 − 1 + … பகுதிக் கூடுதல்கள் 1/2, −1/2, 1/2, −1/2 என்று ஆடிக்கொண்டே இருக்கும். சராசரியோ 1/2, 0, 1/6, 0, 1/10 என்று பூச்சியத்துக்குப் போய்விடும். ஆட்டம் நிற்கவில்லை, சராசரி அதை மறைக்கிறது.

என் இறுதியாண்டு ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் இந்த வரி இருந்தது. அடுத்த இரண்டு அத்தியாயமும் அதன்மேல்தான் நின்றன. ஒப்படைக்கப் பத்து நாள் இருக்கும்போது மேற்பார்வையாளர் அந்த "ஆகவே"யைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். இரண்டு அத்தியாயமும் போயின. இன்றும் அந்த வரியைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது, ஏனென்றால் பெரும்பாலும் விடை சரியாகவே வந்துவிடும். அந்தத் தங்கையின் சார்பு மட்டு மதிப்பு. கெழுக்கள் (ஒவ்வோர் அலைக்கும் முன்னால் நிற்கும் எண்கள்) வரிசை எண்ணின் வர்க்கத்துக்கு ஏற்பச் சுருங்குவதால் தொடர் நிஜமாகவே ஒருங்கும். விடை சரி, காரணம் தப்பு. அதனால்தான் தப்பு பிடிபடாமல் வளர்கிறது.

சராசரியிலிருந்து தொடருக்கு இறங்க ஒரு படி வேண்டும். கெழுவை அதன் வரிசை எண்ணால் பெருக்குங்கள். வரும் எண்கள் ஒரு வரம்புக்குள் நின்றால் இறங்கலாம். ஹார்டி தந்த தேற்றம் அது. இல்லாவிட்டால் டிரிக்லே கெர்னலோடுதான் (சார்போடு சேர்த்துத் தொகையிட்டால் பகுதிக் கூடுதலைத் தருவது) மல்லுக்கட்ட வேண்டும். அது நேராகவும் எதிராகவும் மாறி மாறி வரும். குறியை நீக்கித் தொகையிட்டால் மடக்கை வேகத்தில் வளரும். சராசரியைத் தரும் ஃபெயெர் கெர்னல் எங்கும் எதிராகாது, வித்தியாசம் அங்கேதான்.

"அப்போ ஃபெயெர் எதுக்கு அக்கா?" என்றாள். தொடர்ச்சியான புள்ளியில் தொடர் ஒருங்கினால், சார்பின் மதிப்பைத் தவிர வேறெதற்கும் ஒருங்க முடியாது. அந்த உறுதியைத் தருவது அவர்தான்.

தாவும் புள்ளியில் சார்பின் மதிப்பைப் போடுவது

துண்டு துண்டாக வழுவழுப்பான சார்பு ஒரு மதிப்பிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடத்தில் தொடர் தருவது இருபக்க எல்லைகளின் சராசரி.

கிப்ஸ் முகட்டைக் கணினிப் பிழை என்பது

தாவலின் ஓரத்தில் பகுதிக் கூடுதல் சார்பைத் தாண்டி எழும்பும் மேடுதான் கிப்ஸ் முகடு. உறுப்புகளைக் கூட்டக் கூட்ட முகடு ஒல்லியாகும். உயரம் தாவலில் ஏறக்குறைய 9 விழுக்காட்டுக்குக் கீழே இறங்காது.

"ஏறக்குறைய" என்ற சொல்லை விழுங்குவது

கார்லசன் 1966இல் தொடர் ஒருங்கும் என்று நிறுவியது வர்க்கம் தொகையிடத்தக்க (வர்க்கத்தின் தொகையீடு முடிவுள்ள) சார்புகளுக்கு, ஏறக்குறைய எல்லாப் புள்ளிகளிலும், அதாவது மொத்த நீளம் பூச்சியமான புள்ளிகளை விட்டுவிட்டு. வெறுமனே தொகையிடத்தக்கதென்றால் அதுவும் கிடையாது: எல்லாப் புள்ளியிலும் தொடர் விரியும் சார்பு ஒன்றை 1926இல் கோல்மகோரோவ் கட்டிக் காட்டினார்.