விலா எலும்பு இறக்கையானால்: திட்டமா, தற்செயலா என்று கேட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்காட்டுக்குத் தெற்கே, நெல்லியாம்பதி அடிவாரத்துக் கமுகந்தோப்புகளில் பறக்கும் ஓணானைக் காணலாம். மரப்பட்டை நிறத்தில் ஒட்டிக்கிடக்கும் அது, விலாவின் இருபுறத் தோலையும் சட்டென்று விரித்து அடுத்த மரத்துக்குச் சறுக்கிப் போய், ஒட்டிய மறுநொடியே தோலை மடக்கிக்கொள்ளும். அந்தத் தோலைத் தாங்குவது புதிதாக முளைத்த எலும்பு அன்று. மற்ற ஓணான்களின் நெஞ்சுக்கூட்டில் வளைந்து கிடக்கும் அதே விலா எலும்புகளில் சில, இதில் நீண்டு பக்கவாட்டில் விரிகின்றன.

இதைக் கண்டவுடன் 'திட்டமிட்ட படைப்பு' என்றோ 'வெறும் தற்செயல்' என்றோ தீர்ப்புச் சொல்வதுதான் பெரிய தவறு. மரபணு மாற்றம் உயிரியின் தேவையைக் கேட்டு வருவதில்லை என்பதால் அதைத் தற்செயல் எனலாம். எது நிலைக்கும் என்பதைச் சூழல் சலித்தெடுப்பதைத் தற்செயல் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் உயிரியலாளர் ரிச்சர்ட் லென்ஸ்கி 1988 முதல் 12 குடுவைகளில் வளர்த்துவந்த ஈ.கோலை பாக்டீரியாக்களில், ஒரு குடுவையில் மட்டும் சுமார் 31,500 தலைமுறைகளுக்குப் பின், ஆக்சிஜன் இருக்கும்போதே சிட்ரேட் என்ற கரிமப் பொருளை உண்ணும் திறன் தோன்றியது. ஆக்சிஜன் இல்லாதபோது மட்டும் இயங்கிவந்த பழைய மரபணு படியெடுக்கப்பட்டு, ஆக்சிஜன் உள்ளபோதும் மரபணுவை இயக்கும் சுவிட்ச் போன்ற டி.என்.ஏ. பகுதியின் அருகே அமைந்ததே காரணம். படியெடுப்பு தற்செயல், குடுவையில் எப்போதும் சிட்ரேட் இருந்ததால் அந்த வகை பெருகியது தற்செயல் அன்று.

இன்றைய பயனையே தோற்றத்தின் காரணமாகக் கொள்வதும் பிழை. குட்டிப் பாலூட்டிகளின் மண்டையோட்டு எலும்புகளுக்கு இடையிலான இணைப்புகள் பிரசவத்துக்கு உதவினாலும், முட்டையை உடைத்து வெளிவரும் பறவைகளுக்கும் ஊர்வனவற்றுக்கும் அவை உண்டு என்று 1859இலேயே டார்வின் எச்சரித்தார். ஆகவே, 'பறப்பதற்காக விலா நீண்டது' என்ற பேச்சைத் தவிர்ப்பது நல்லது.

பழைய உறுப்பை மறுபடி பயன்படுத்துவது பொறியாளரின் சிக்கனம் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பொறியாளர் நல்ல உறுப்பை எந்த வடிவமைப்பிலிருந்தும் எடுத்து எதிலும் பொருத்துவார். உயிரினங்களிலோ வௌவாலின் இறக்கை விரல்களிலிருந்தும், பறக்கும் ஓணானுடையது விலாவிலிருந்தும், அததன் மூதாதை விட்டுச்சென்ற எலும்பிலிருந்தே வந்திருக்கின்றன. இதனால் கடவுள் இல்லை என்று நிரூபணமாகிவிட்டதாகக் கொண்டாடுவோரும் எல்லை மீறுகிறார்கள். விலா எலும்பு சொல்வது வம்சாவளியை மட்டுமே.