கிட்டார் பாடியில் கை வைக்கும் முன்: பெயிண்ட்டைக் கெடுக்கும் தவறுகள்

போன வாரம் காட்பாடியிலிருந்து ஒரு கல்லூரிப் பையன் வந்தான். கறுப்பு எலக்ட்ரிக் கிட்டார். முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படி ஒரு பளபளப்பு. வால்யூம் குமிழுக்குப் பக்கத்தில் மட்டும் எட்டணா அளவுக்குப் பெயிண்ட் பெயர்ந்து, அடியில் இருந்த வெள்ளைப் பூச்சு தெரிந்தது. "டிரில் பண்ணேண்ணா, டக்குன்னு உள்ள இழுத்துடுச்சு" என்றான். இருபது வருஷத்துக்கு முன்னால் நான் சொன்ன அதே வார்த்தை. அன்றைக்கு நான் கெடுத்தது என் கிட்டார்கூட இல்லை, எங்கள் சர்ச்சினுடையது.

கிட்டாரில் பாகம் மாற்றும்போது கம்பியைக் கழற்றுவது, சால்டர் சொட்டாமல் துணி விரிப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும். அதற்கு அப்புறம் நடப்பவற்றைச் சொல்கிறேன்.

பாட் துளையைச் சாதாரண டிரில் பிட்டால் பெரிதாக்குவது

வால்யூம், டோன் குமிழுக்கு அடியில் இருக்கும் கண்ட்ரோல்தான் பாட் (pot); துளை வழியாக மேலே நீளும் மரை போட்ட பகுதி அதன் கழுத்து. விலை குறைந்த கிட்டார்களில் அந்தக் கழுத்து பெரும்பாலும் 7 அல்லது 8 மி.மீ. தான். மாற்றிப் போட சிடிஎஸ் (CTS) கம்பெனி பாட் வாங்குவார்கள். அதன் கழுத்து 3/8 அங்குலம், கிட்டத்தட்ட 9.5 மி.மீ. பாடியின் மேல் பொருத்திய பிளாஸ்டிக் தகட்டில் (பிக்கார்ட்) பாட் உட்காரும் ஸ்ட்ராட் மாடல் வகை என்றால் பயமில்லை. லெஸ் பால் மாடல் வகையில் நேராகப் பாடி மரத்திலேயே துளை. கொஞ்சம்தானே என்று 10 மி.மீ. பிட்டை மாட்டி அழுத்துவார்கள்.

அங்கேதான் வினை. புது இடத்தில் துளை போட்டால் பிட்டின் நுனி மரத்தில் ஊன்றி நிற்கும். ஏற்கெனவே துளை இருந்தால் நுனிக்குப் பிடிமானமே கிடையாது. பிட்டின் ஓரங்கள் துளை விளிம்பைக் கொக்கி மாதிரி கவ்வும்; பிட் ஸ்க்ரூ போலத் தானாக உள்ளே இறங்கும்; கவ்விய இடத்தில் பெயிண்ட் மேலே எழும்பும். இப்போது வருகிற கிட்டார்களில் பெரும்பாலும் பாலியூரித்தேன் அல்லது பாலியெஸ்டர் பூச்சுதான். கெட்டியானது, வளைந்து கொடுக்காது, சில்லாகத்தான் தெறிக்கும். வாஷர் மறைப்பது துளையைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டர். சில்லு அதைத் தாண்டினால் ஒன்றும் செய்ய முடியாது.

எனக்கு இன்னும் ஆத்திரம் வருவது எதனால் என்றால், இதற்கு மெஷினே தேவையில்லை. உருண்டையான குச்சி ஒன்றில் 120 நம்பர் உப்புத்தாளைச் சுற்றுங்கள். மேலிருந்து உள்ளே தள்ளும்போது மட்டும் தேயுங்கள். வெளியே எடுக்கும்போது விளிம்பில் உரசக் கூடாது. தள்ளினால் பெயிண்ட் மரத்தோடு அழுந்தும், இழுத்தால் மரத்தை விட்டு எழும்பும். துளையை அகலப்படுத்தும் கூம்பு ரீமர் இருந்தால் இன்னும் நல்லது. முன்பக்கத்திலிருந்து கையால் நிதானமாகத் திருப்ப வேண்டும். டிரில்தான் என்று அடம்பிடித்தால் படிப்படியாக அகலமாகும் ஸ்டெப் பிட் வாங்குங்கள், எந்தப் படியில் நிறுத்த வேண்டுமோ அங்கே டேப் சுற்றி அடையாளம் வையுங்கள்.

இத்தனைக்கும் 8 மி.மீ. கழுத்திலேயே நல்ல பாட் கிடைக்கிறது. முதலில் துளையை அளந்து பாருங்கள், அப்புறம் ஆர்டர் போடுங்கள்.

சர்ச் கிட்டாரில் நான் சில்லைத் தெறிக்கவிட்டது கேரல் ரவுண்டுக்கு நான்கு நாள் முன்னால். யாரும் திட்டவில்லை. ஒரு பெரியவர் மட்டும் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போனார். அந்த விரல் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

புது ஸ்க்ரூ போடும்போது அவசரம்

ஸ்க்ரூவுக்குத் துளை போடும்போது பிட்டை முதலில் ரிவர்ஸில் சுற்றவிடுங்கள். பெயிண்ட் கவ்வப்படாமல் தேய்ந்து போகும். மரம் தெரிந்ததும் நேராகச் சுற்றலாம். பிறகு கூம்பு முனை கொண்ட கவுண்டர்சிங்க் பிட்டால் துளையின் வாயில் ஸ்க்ரூ பருமனைவிடக் கொஞ்சம் அகலமாகப் பெயிண்ட்டை எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் மரை பெயிண்ட்டைத் தூக்கி, சுற்றிலும் விரிசல் ஓடும். மரையில் மெழுகுவர்த்தி தேய்த்துக்கொள்ளுங்கள்.

மாஸ்கிங் டேப்பை ஒட்டியபடியே விடுவது

வேலூர் வெயிலில் இது சின்ன விஷயம் இல்லை. அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடி அறையில் இரண்டு நாள் கிடந்தால் டேப்பின் பசை இளகி பெயிண்ட்டில் ஊறிவிடும். அன்றன்றைக்கே எடுங்கள். மேல்நோக்கி இழுக்காமல், டேப்பை அதன் மேலேயே மடித்து, பாடியை ஒட்டினாற்போல மெதுவாக.

தின்னர்

பாடிக்குப் பக்கத்திலேயே வைக்காதீர்கள். பழைய நைட்ரோ (நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர்) பூச்சு என்றால் கரைந்தே போகும்.

பிரிட்ஜ் புஷ்ஷை நெம்புவது

கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் ஸ்டட் (திருகாணி) இறங்க, மரத்துக்குள் பதித்திருக்கும் உலோகக் குழாய்தான் புஷ். அதை நெம்பாதீர்கள். சுற்றிலும் பெயிண்ட்டை பிளேடால் கீறுங்கள். அடி திறந்த புஷ் என்றால், உள்ளே சின்ன இரும்புத் துண்டைப் போட்டு ஸ்டட்டைத் திருகினால் புஷ் தானாக மேலே வரும்.

தெறித்த சில்லைக் கூட்டித் தள்ளுவது

தெறித்த உடனே வேலையை நிறுத்திவிட்டுத் தரையில் தேடுங்கள். காட்பாடிப் பையன் தீப்பெட்டியில் போட்டுக் கொண்டுவந்திருந்தான், மூன்று துண்டு. ஊசி முனையால் ஒவ்வொன்றாக நகர்த்தி இடம் சேர்த்து, தண்ணீர் மாதிரி ஓடும் சூப்பர் குளூவை ஓரத்தில் ஒரு துளி விட்டேன். விரிசல் அதை உறிஞ்சிக்கொண்டது. மறுநாள் 2000 நம்பர் தாளை லேசாக நனைத்துத் தேய்த்து பாலிஷ் போட்டேன். இப்போது ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மட்டும் மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரிகிறது.