அல்வாப் பொட்டலமும் தசமப் புள்ளியும்

0.5 பெரிதா, 0.35 பெரிதா என்று கேட்டால், 35 என்பது 5ஐ விடப் பெரிது என்ற முழு எண் பழக்கத்தில் பல பிள்ளைகள் 0.35 என்றே சொல்வார்கள். திருநெல்வேலிப் பிள்ளைகளுக்கு இதை விளக்க அல்வாக் கடைத் தராசே போதும்: 0.5 கிலோவை 500 கிராம் என்றும் 0.35 கிலோவை 350 கிராம் என்றும் மாற்றி எழுதச் சொன்னால், 0.5தான் பெரிது என்பதையும், 0.5ஐ 0.500 என்று எழுதினாலும் பொட்டலத்தின் எடை மாறாது என்பதையும் அவர்களே கண்டுகொள்வார்கள். 'கடைசியில் சுழியம் சேர்' என்ற விதியை முதலிலேயே சொல்லிவிட வேண்டாம். அது வெறும் மனப்பாடமாகவே நிற்கும்.

விகிதத்துக்கு இட்லி மாவு. 4 உழக்கு அரிசிக்கு 1 உழக்கு உளுந்து என்றால் 6 உழக்கு அரிசிக்கு எவ்வளவு உளுந்து என்று கேளுங்கள். அரிசியில் 2 கூடியதால் உளுந்திலும் 2 கூட்டி 3 என்று சொல்லும் பிள்ளையைத் திருத்தாமல், 8 உழக்குக்கு எவ்வளவு என்று அடுத்துக் கேட்டால், இருமடங்குக்கே 2தான் என்று கண்டு, தானே ஒன்றரைக்கு இறங்கி வரும்.